விக்டோரியா கால நாவல்கள்: ஜூனியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் எம்.ஏ. ஆங்கில இலக்கியம், இரண்டாம் வருடம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். விக்டோரியா காலத் தாளுக்கு எங்கள் துறையில் ஒரு வாசிப்புக் குறிப்பேடு வைக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு நாவலுக்கும் 'உன் சொந்த ரெஸ்பான்ஸை எழுது' என்பார்கள். அது தொடங்கும் வாரத்தில் ஹாஸ்டல் மெஸ்ஸில் என் தட்டுக்கு எதிரே யாராவது ஒரு ஜூனியர் வந்து உட்கார்ந்துவிடுவாள். வருஷா வருஷம் அதே கேள்விகள். ஒருமுறை எழுதிவைத்துவிட்டால் இட்லி ஆறுவதற்குள் சாப்பிட்டு எழலாமே என்று எழுதினேன்.

விக்டோரியா காலம் என்றால் எந்த வருடங்கள்?

விக்டோரியா பட்டத்துக்கு வந்தது 1837, இறந்தது 1901. அவ்வளவுதான். ஜேன் ஆஸ்டின் இந்தக் கணக்கில் வரமாட்டார், அவர் 1817-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு பரீட்சையிலும் யாராவது ஒருத்தி அவரை இதில் சேர்த்து எழுதிவிட்டு வந்து தலையில் கை வைத்துக்கொள்வாள்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம் அக்கா?

டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'. சதுப்பு நிலத்து ஓரத்தில் ஒரு கல்லறைத் தோட்டம். முகமே நினைவில் இல்லாத அப்பா அம்மாவின் கல்லறைக் கல்லைப் பார்த்தபடி பிப் என்ற ஒரு சின்னப் பையன் நிற்கிறான். காலில் விலங்கோடு ஒரு கைதி எழுந்து வந்து அவனைத் தலைகீழாகத் தூக்கிக் குலுக்குகிறான். பையன் கண்ணுக்குத் தேவாலயமே குட்டிக்கரணம் போடுகிறது. இரண்டு பக்கத்துக்குள் இவ்வளவும் நடந்துவிடும். இதைப் படித்தும் மேலே படிக்கத் தோன்றவில்லை என்றால் வந்து சொல்லுங்கள், வேறு புத்தகம் பார்க்கலாம்.

'மிடில்மார்ச்'சில் மட்டும் தொடங்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

ஏன் இவ்வளவு நீளம்? வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு வாங்கினார்களாமே?

இல்லை. டிக்கன்ஸ் வாங்கியது வார்த்தைக் கணக்கில் அல்ல, தவணைக் கணக்கில். 1836-ல் 'பிக்விக் பேப்பர்ஸ்' மாதாமாதம் பச்சை அட்டை போட்ட மெல்லிய புத்தகமாக வந்தது. 32 பக்கம், கூடவே படங்கள், விலை ஒரு ஷில்லிங். இன்னொரு பக்கம் மூன்று தொகுதி நாவல்கள். அவற்றின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ், சாதாரணக் குடும்பம் எட்டிப் பார்க்க முடியாத விலை. அதனால் ஜனங்கள் மூடி என்பவருடைய வாடகை நூலகத்தில் வருடத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், கட்டி ஒரு நேரத்தில் ஒரு தொகுதியாக வாங்கிப் படித்தார்கள். ஒரே நாவல் மூன்று துண்டாக இருந்தால் மூன்று வாசகர் கையில் ஒரே சமயத்தில் சுற்றும். நூலகத்துக்கு அது லாபம், நூலகம் கேட்டதைப் பதிப்பாளர் கேட்டார், பதிப்பாளர் கேட்டதை எழுத்தாளர் எழுதினார். 1894-ல் நூலகங்களே இந்த ஏற்பாடு கட்டுப்படியாகாது என்று கையை விரித்தன. அப்புறம் நாவல்கள் தாமாக இளைத்துவிட்டன.

எனக்கு இது புத்தி வழியாகப் புரிந்ததைவிடப் பாட்டி வீட்டுப் பரண் வழியாகப் புரிந்தது அதிகம். வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணிய இரண்டு புத்தகங்கள் அங்கே கிடந்தன. கதாநாயகி கிணற்றடியில் யாரையோ பார்த்துத் திடுக்கிடுவாள். பக்கத்தைத் திருப்பினால் பல்பொடி விளம்பரம். டிக்கன்ஸின் மாதத் தவணைகளிலும் முன்னும் பின்னும் விளம்பரப் பக்கங்கள் இருந்தன என்று படித்தபோது அந்தப் பைண்டு வாசனை மூக்கில் வந்தது.

'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' அவருடைய சொந்த வாரப் பத்திரிகையில் 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்டு வரை 36 வாரம் ஓடியது. அதற்கு முன் போய்க்கொண்டிருந்த வேறொருவரின் தொடர் எடுபடாமல் விற்பனை சரிந்ததால், டிக்கன்ஸ் தாமே அவசரமாக இறங்கினார். நான் இரண்டாம் முறை படித்தபோது ஒரு வாரத்துப் பங்கை ஒரு நாளுக்கு என்று வைத்துக்கொண்டேன். பெரும்பாலும் இரண்டு அத்தியாயம்தான். முதல் முறை நாலு நாளில் முட்டி மோதிப் படித்தபோது வளவள என்று தெரிந்த இடங்கள், 36 நாளில் படித்தபோது அப்படித் தெரியவில்லை.

ஆங்கிலம் பல்லை உடைக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் டிக்‌ஷனரி பார்க்கணுமா?

தெரியாத சொல்லை விடுங்கள், தெரிந்ததாக நினைக்கும் சொல்தான் கவிழ்க்கும். 'வாண்ட்' என்று வந்தால் பல இடங்களில் 'வேண்டும்' அல்ல, 'இல்லாமை'. 'மேக் லவ்' என்று வந்தால் பதறவேண்டாம். ஆசை வார்த்தை பேசுகிறான், அவ்வளவுதான். இதற்கு எங்கள் வகுப்பில் ஒரு முழு பீரியடு சிரிப்பில் போனது.

நீண்ட வாக்கியம் வந்தால் வாய்விட்டுப் படியுங்கள். டிக்கன்ஸ் தம் கதைகளை மேடையேறிப் படித்துக் காட்டியவர். கண்ணுக்குச் சிக்கும் வாக்கியம் காதுக்குச் சிக்காது.

மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டு படித்தால் தப்பா?

தப்பு என்று எனக்கும் ஒரு காலத்தில் சொன்னார்கள். ஆனால் தமிழில் போட்டுப் பார்க்கும்போதுதான் சில விஷயம் தட்டுப்படுகிறது. பிப் தன் அக்காவிடம் வளர்கிறான், அவனைவிட அவள் இருபது வயதுக்கு மேல் மூத்தவள். 'கையால் வளர்த்தேன்' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறாள். தாய்ப்பால் இல்லாமல் ஊட்டி வளர்த்தாள் என்பது அந்தக் காலத்துப் பொருள். பிப்புக்கோ அந்தக் கை தன் முதுகில் விழும் கை என்றுதான் புரிகிறது. நம் ஊரில் 'என் கை படாத நாளில்லை' என்று ஒருத்தி சொன்னால் எப்படி இரண்டாகவும் கேட்குமோ அப்படி.

அக்காவின் வீட்டுக்காரர் ஜோவை அவன் வெறும் 'ஜோ' என்கிறான். தமிழில் என்றால் அத்தானா, மாமாவா, மச்சானா? என் அறையில் மூன்று ஊர்க்காரிகள், மூன்று பதில். மூன்றிலும் ஒரு உரிமை வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டுதலை ஆங்கிலத்தில் டிக்கன்ஸ் எப்படிக் கொண்டுவந்தார் என்று தேடிப் பார்த்தேன். அடுப்பு ஓரத்தில் இரண்டு பேரும் கடித்த ரொட்டியைக் காட்டி, யார் வேகமாகத் தின்கிறார்கள் என்று போட்டி போடுகிற இடம். அங்கேதான் இருக்கிறது.

'சொந்த ரெஸ்பான்ஸ்' என்றால் என்னதான் எழுதவேண்டும்?

நான் கொடுத்த முதல் ரெஸ்பான்ஸ் இப்படித் தொடங்கியது: 'டிக்கன்ஸ் தம் காலத்துச் சமூக அவலங்களைத் தோலுரித்துக் காட்டுகிறார்.' மேடம் அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் 'சரி, உனக்கு?' என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம். கைடில் இருந்த வரி, அச்சில் இருந்த வரி, அதில் என்ன குறை?

பதில் 27-ஆம் அத்தியாயத்தில் கிடைத்தது. கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஜோ ஊர்க் கொல்லர். பிப் அவர் பட்டறையில் தொழில் பழகுகிறான். பெயர் சொல்லாத யாரோ ஒருவர் பணம் கொடுக்க, பிப் லண்டன் போய்க் கனவானாகிறான். அங்கே அவனைப் பார்க்க ஜோ வருகிறார். காசு கொடுத்து அவரை வராமல் தடுக்க முடியுமென்றால் நிச்சயம் கொடுத்திருப்பேன் என்று பிப்பே ஒத்துக்கொள்கிறான். ஜோ உட்கார்கிறார். தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கணப்புக்கு மேலே உள்ள மாடத்தின் ஓரத்தில் வைக்கிறார், விழுகிறது. பாய்ந்து பிடித்து மறுபடி அங்கேயே வைக்கிறார், மறுபடி விழுகிறது. கடைசியில் அது டீயின் கழுநீர்க் கிண்ணத்துக்குள் போய் விழுகிறது. பிப்பை ஒரு வாய் 'பிப்' என்கிறார், மறு வாய் 'சார்' என்கிறார்.

வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கவைக்கத்தான் எழுதியிருக்கிறார்.

என்னை வளர்த்தது சித்தப்பா. விருத்தாசலத்தில் வெல்டிங் பட்டறை; கேட், ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி. நான் ஹாஸ்டலில் சேர்ந்த முதல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தார். விசிட்டர் அறையில் ஒரே பெஞ்சு. அதில் என் ரூம்மேட்டும் அவள் அப்பாவும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். சலவைச் சட்டை, முழங்கை வரை பொறி பட்ட புள்ளிகள். கையில் மஞ்சப்பை, உள்ளே முறுக்கு. பையை மடியில் வைத்தார். தரையில் வைத்தார். தரை ஈரமென்று எடுத்து மறுபடி மடியில் வைத்தார். பிறந்ததிலிருந்து 'ஏ பாப்பா, வா, போ' என்றே கூப்பிட்ட மனுஷர், அவர்கள் எதிரில் என்னைப் பார்த்து, "நீங்க நல்லா படிங்கம்மா" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. "கிளம்புங்க சித்தப்பா, பஸ் போயிடும்" என்றேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

ஆங்கிலத்தில் நீ, நீங்கள் எல்லாம் 'யூ' ஒன்றுதான். அந்த விலகலைக் காட்ட டிக்கன்ஸுக்கு ஒரு 'சார்' தேவைப்பட்டது. நமக்கு ஒரு 'ங்க' போதும். கிளம்பும்போது ஜோ சொல்கிறார்: வாழ்க்கை என்பதே எத்தனையோ பிரிவுகளைப் பற்றவைத்துச் செய்ததுதான்; ஒருத்தன் இரும்படிக்கிறவன், ஒருத்தன் தகரம் தட்டுகிறவன், ஒருத்தன் தட்டான், ஒருத்தன் கன்னான். பற்றவைப்பது என்ற சொல்லைப் பட்டறையில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு விளக்கை அணைத்த பிறகு குறிப்பேட்டை எடுத்து, மொபைல் வெளிச்சத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். 'சமூக அவலம்' என்ற சொல் அதில் இல்லை. மேடம் அதில் கோடு எதுவும் போடவில்லை.

எல்லாருக்கும் ஒரு சித்தப்பா இருக்கவேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மற்றவர்கள் சிரித்தபோது நீங்கள் சிரிக்காத இடம், மற்றவர்கள் அழுதபோது உங்களுக்குச் சலித்த இடம், அங்கே பேனாவை வையுங்கள்.

'ஜேன் ஐர்' பெண்ணிய நாவல் என்கிறார்கள். எனக்கு ஏன் எரிச்சல் வந்தது?

எனக்கும் வந்தது, ஆனால் இரண்டாம் வாசிப்பில். முதல் வாசிப்பில் நான் முழுக்க ஜேன் கட்சி. ஜேன் படிக்கிற லோவுட் பள்ளியில் தீய்ந்த கஞ்சியை ஊற்றுகிற காலையைப் படித்துவிட்டு எங்கள் மெஸ்ஸின் சேமியா உப்புமாவை மன்னித்திருக்கிறேன். அங்கே இருமி இருமிச் சாகிற தோழி ஹெலன் கற்பனை மட்டும் இல்லை. நாவலை எழுதிய ஷார்லட் பிராண்டியின் இரண்டு அக்காக்கள் அப்படி ஒரு பள்ளியிலிருந்து நோயோடு திரும்பி 1825-ல் இறந்தார்கள். 1847-ல் இந்த நாவல் வந்தபோது அட்டையில் இருந்தது 'கரர் பெல்' என்ற ஆணா பெண்ணா என்று தெரியாத பெயர். 'நான் ஏழை, அழகில்லாதவள், சின்னவள், அதனால் எனக்கு ஆன்மாவும் இல்லை என்று நினைத்தீர்களா' என்று ஜேன் தன் முதலாளி ராச்செஸ்டரைக் கேட்கிற இடத்தை நான் குளியலறையில் சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்ததுண்டு.

இரண்டாம் முறை என் கண் மாடி அறைக்குப் போய்விட்டது. ராச்செஸ்டர் ஜமைக்காவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெர்த்தா. சொத்தெல்லாம் மூத்தவனுக்கே போகவேண்டும். இளையவனுக்கு ஒரு வழி செய்யவேண்டும். பெண் வீட்டில் 30,000 பவுண்டு தருகிறார்கள். பேசி முடித்தவர்கள் அப்பாவும் அண்ணனும். பெண்ணுக்குப் பைத்தியம் என்று பிறகு தெரிகிறது, மாடியில் பூட்டு. இது வரதட்சணைக் கல்யாணம் இல்லாமல் வேறென்ன? ராச்செஸ்டர் அதைத் தமக்கு நேர்ந்த துரோகமாகப் பக்கம் பக்கமாகச் சொல்கிறார். பெர்த்தா வாய் திறந்து ஒரு வாக்கியம் பேசுவதில்லை. கரீபியத் தீவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966-ல் பெர்த்தாவின் பக்கத்துக் கதையைத் தனி நாவலாகவே எழுதினார்.

அதற்காக ஜேனை வெறுத்துவிட்டேனா என்றால் இல்லை. அப்பாவோடு பிறந்தவரின் சொத்து 20,000 பவுண்டு கைக்கு வந்ததும் நாலாகப் பிரித்து அத்தை பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஐயாயிரம் கொடுக்கிறாள். சொத்து வந்த கையோடு பங்கு பிரித்துக் கொடுத்தவர் யாரையாவது உங்கள் ஊரில் பார்த்திருக்கிறீர்களா? இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை எழுத இன்னொன்றை அழிக்கவேண்டாம்.

இந்த நாவல்களில் இந்தியா வருகிறதா?

ஓரமாக நிறைய வரும். ஜேனைக் கல்யாணம் செய்துகொண்டு இந்தியாவுக்கு ஊழியம் செய்யப் போக நினைக்கும் பாதிரியார், அவளை இந்துஸ்தானி படிக்கவைக்கிறார். வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்' (1868) தொடங்குவதே 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை விழுந்த கொள்ளையில்; திருடியவன் வெள்ளைக்கார அதிகாரி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

எனக்குப் பிடித்தது தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்'. அவர் கல்கத்தாவில் பிறந்தவர். இந்தியாவில் கலெக்டராக இருந்துவிட்டு வந்த பணக்கார ஜோஸை வளைத்துப்போட பெக்கி ஷார்ப் விருந்தில் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். காரம் உயிர் போகிறது, காட்டிக்கொள்ளாமல் சிரிக்கிறாள். கூட ஒரு 'சில்லி' சாப்பிடுங்களேன் என்கிறான் ஜோஸ். பெயரைக் கேட்டால் ஏதோ சில்லென்று இருக்கும் என நினைத்து, பச்சைப் பசேலென்று இருக்கிறதே என்று வாயில் போடுகிறாள். பச்சை மிளகாய்! தண்ணீர் தண்ணீர் என்று அலறுகிறாள். லண்டன் வாசகருக்கு இது ஒரு பக்க நகைச்சுவை. நமக்கு அவள் மிளகாயை எடுக்கும்போதே நாக்கு பதறிவிடுகிறது.

ஹார்டியைப் படித்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

வராது. 'டெஸ்' (1891) படித்த இரவு நான் புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். தன் கடந்த காலத்தைச் சொல்லி, தன்னைக் கட்டிக்கொள்ளப்போகிற ஏஞ்சலுக்கு டெஸ் எழுதும் கடிதம், கதவு இடுக்கில் தள்ளும்போது உள்ளே கம்பளத்துக்கு அடியில் போய்விடுகிறது. எல்லாரும் விதி, விதி என்று எழுதுவார்கள். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்பே டெஸ் அந்தக் கடிதத்தைக் கண்டுபிடித்துவிடுகிறாள். நேரிலேயே சொல்ல வாயெடுக்கிறாள். குற்றம் குறையெல்லாம் இன்றைக்கு வேண்டாம், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று தடுக்கிறவன் ஏஞ்சல். கம்பளத்தின் மேல் பழி போட்டால் அவன் தப்பித்துவிடுகிறான். என்னைக் கேட்டால் ஹார்டியும் அவனை விட்டுவிடவில்லை.

ஒரு வேடிக்கை. வெள்ளம் தேங்கிய பாதையில் ஏஞ்சல் பால்காரப் பெண்களை ஒவ்வொருத்தியாகக் கையில் தூக்கிக் கடக்கவைக்கும் காட்சி, முதலில் வெளியிட்ட பத்திரிகைக்கு ஒப்பவில்லை. அங்கே ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்படி மாற்றிக் கொடுத்தார் ஹார்டி.

'மிடில்மார்ச்' முடிக்கவில்லை. ஒத்துக்கொள்ளலாமா?

ஒத்துக்கொள்ளுங்கள். நானும் மூன்றாம் முயற்சியில்தான் முடித்தேன். ஜார்ஜ் எலியட் 1871, 72-இல் எட்டுப் பகுதியாக வெளியிட்டது. பதினெட்டு வயதில் அதில் வரும் கசாபன், எல்லாப் புராணங்களுக்கும் ஒரே திறவுகோல் தேடி முடிக்காத புத்தகத்துக்குக் குறிப்பெடுத்தே காலம் தள்ளும் கிழவர், வெறும் அறுவையாகத் தெரிந்தார். எம்.ஏ. ஆய்வேட்டுக்கு நானே அட்டை அட்டையாகக் குறிப்பெடுத்து ஒரு வரி எழுதாமல் உட்கார்ந்திருந்தபோது அந்த மனுஷர்மேல் இரக்கம் வந்தது.

அதே காலத்தில் தமிழில் என்ன நடந்தது?

விக்டோரியா அரியணையில் இருக்கும்போதே, 1879-ல், வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்துவிட்டது. ராஜமையரின் கமலாம்பாள் கதை 1893-லிருந்து 'விவேக சிந்தாமணி'யில் தொடராகவே வந்தது. காலக்கோட்டில் இவற்றை 'டெஸ்'ஸுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

படம் பார்த்தால் போதாதா? கைடு?

படத்தில் தொப்பி ஒருமுறை விழும், அதோடு அடுத்த காட்சி. புத்தகத்தில் நீங்கள் நெளியும்வரை விழுந்துகொண்டே இருக்கும். கைடு பாஸாக உதவும், நானும் வாங்கியிருக்கிறேன். புத்தகத்துக்குக் காசு இல்லையே என்று கவலைப்படாதீர்கள். காப்புரிமை எப்போதோ முடிந்தவை. புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் எல்லாம் இலவசம்.

'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' முடிவு இரண்டு இருக்கிறதாமே, எது உங்களுக்குப் பிடிக்கும்?

முதலில் எழுதியதில் பிப்பும் அவன் காதலித்த எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் தற்செயலாகப் பார்த்து, இரண்டு வார்த்தை பேசிப் பிரிந்துவிடுகிறார்கள். நண்பர் புல்வர் லிட்டன் சொன்னதைக் கேட்டு டிக்கன்ஸ் மாற்றினார். இப்போது அச்சில் இருப்பதில் கைகோத்து வெளியே வருகிறார்கள். எனக்கு முதலாவது. ஆனால் உண்மையைச் சொன்னால் எஸ்டெல்லாவைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. நாவல் எனக்கு 57-ஆம் அத்தியாயத்திலேயே முடிந்துவிட்டது.

சித்தப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னீர்களா?

போன தீபாவளிக்குச் சொன்னேன், பட்டறையில் வைத்து. பிப் கடனாளியாகிக் காய்ச்சலில் விழுகிறான். ஜோ வந்து குழந்தையைப்போலப் பார்த்துக்கொள்கிறார். உடம்பு தேறியதும் விடிகாலையில் சொல்லாமல் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார். மேஜையில் ஒரு சீட்டு, அதோடு பிப்பின் கடனை அடைத்த ரசீது. விசிட்டர் அறையைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

"கடன் எவ்வளவு?"

"நூத்தி இருபத்து மூணு பவுன், பதினஞ்சு ஷில்லிங், ஆறு பென்ஸ். நகைக் கடைக்காரன்கிட்ட வாங்கினது."

சித்தப்பா வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நூத்தி இருபத்து மூணு பவுனா? கொல்லன்கிட்ட ஏது பாப்பா அவ்வளவு?"

அது தங்கப் பவுன் இல்லை, இங்கிலாந்துப் பணம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் உறைத்தது. அந்தக் காலத்து ஒரு பவுண்டு என்பதே எட்டு கிராமுக்குத் துளி குறைவான ஒரு தங்க நாணயம். நம் ஊர்ப் பவுன் கணக்கே அதிலிருந்து வந்ததுதான். அவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்.

"சேத்து வச்சிருப்பாரு சித்தப்பா" என்றேன்.